கோத்தகிரியில் எடுத்த ஒரு படம், அதிலிருந்து எத்தனை படங்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியிலிருந்து கோடநாடு செல்லும் சாலையோரத்தில், பிப்ரவரி மாதக் காலை ஏழு மணிவாக்கில் ஒரு படம் எடுத்திருக்கிறீர்கள். முன்னால் தேயிலைச் சரிவு. அதன் ஒற்றையடிப் பாதையில் முதுகில் பையுடன் கொழுந்து பறிக்கச் செல்லும் ஒரு பெண். சரிவின் விளிம்பில் வரிசையாகச் சில்வர் ஓக் மரங்கள். பள்ளத்தாக்கிலிருந்து எழும் மூடுபனி. அதற்கும் அப்பால் ஒன்றன்பின் ஒன்றாக மங்கிச் செல்லும் மலைகள். வெயில் வலப்புறத்திலிருந்து வருகிறது. இந்த ஒரே படத்தை நான்கு விதமாக எடிட் செய்தும் நான்கும் ஒன்றுபோலவே தெரிகின்றன என்றும், அதற்கு வேறு மென்பொருள் வாங்க வேண்டுமா என்றும், எதுவரை மாற்றினால் படம் பொய்யாகிவிடும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ரா கோப்பை, அதாவது கேமரா பதிவு செய்ததை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பைத் திறக்கக்கூடிய எந்த மென்பொருளும், இலவசமாகக் கிடைப்பவை உட்பட, நான் கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யும். உங்கள் நான்கு பிரதிகளும் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் வேறு. நான்கிலும் நீங்கள் படம் முழுவதையும் ஒரே அளவில் மாற்றியிருக்கிறீர்கள்: ஒன்றில் நிறம் கூடியிருக்கிறது, ஒன்றில் கான்ட்ராஸ்ட் கூடியிருக்கிறது, ஒன்று சற்று மஞ்சளாகியிருக்கிறது, ஒன்று கறுப்பு வெள்ளையாகியிருக்கிறது. நான்கிலும் பார்ப்பவரின் கண் முதலில் போய் நிற்கும் இடம் மாறவே இல்லை.

உதகையில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் பல ஆண்டுகள் கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் போட்ட பிறகு டிஜிட்டலுக்கு வந்தவன் நான். என் பழக்கம் பெரும்பாலும் மலைக்காட்சிகளோடும் மனிதர்களோடும் நின்றுவிட்டது. திருமண ஆல்பத்துக்கோ விளம்பரத்துக்கோ நான் சொல்லும் முறைகள் பொருந்தாமல் போகலாம். கீழே சொல்பவற்றில் சில ஒளியியலும் கணக்கும் சார்ந்தவை. அவற்றில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. சில வெறும் ரசனை. எது எது என்று அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் உறுதியானவை. உங்கள் கேமராவின் ரா கோப்பு 14 பிட் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியின் அளவை 16,384 படிகளில் குறிக்க அதில் இடமுண்டு. ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். ஆனால் கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் அதை நேர்விகிதத்தில் எண்ணுவதால் அந்தப் படிகள் எல்லா இடத்துக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஒளி இரட்டிப்பாவதையோ பாதியாவதையோ ஒரு ஸ்டாப் என்போம்; மிக வெளிச்சமான ஒரு ஸ்டாப்புக்கு 8,192 படிகள், அடுத்த ஸ்டாப்புக்கு 4,096 என்று பாதி பாதியாகக் குறைந்து, ஏழாவது ஸ்டாப்புக்கு வரும்போது 128தான் மிஞ்சும். மூடுபனி வெளிச்சமானது; தேயிலைப் புதரின் அடிநிழல் இருண்டது. ஆகவே உங்கள் கோப்பில் வளம் குவிந்திருக்கும் இடம் பனிதான். வெறும் வெள்ளையாகத் தோன்றும் அந்தப் பகுதியை இருட்டாக்கிப் பாருங்கள். ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகப் படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் வரைபடம், வலது சுவரில் முட்டி நிற்காத வரை, அதற்குள்ளிருந்து மெல்லிய அடுக்குகள் வெளிவரும். முட்டி நின்றால், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் நிரம்பி வழிந்திருந்தால், அங்கே எதுவும் பதிவாகவில்லை. எந்த ஸ்லைடரும் அதை மீட்டுத் தராது. ஒரு நிறம் மட்டும் வழிந்திருந்தால் மற்ற இரண்டையும் வைத்து மென்பொருள் ஊகித்து நிரப்பும். அது பெரும்பாலும் ஏற்கத்தக்கதாகவே இருக்கும், ஆனால் ஊகம் என்பது நினைவிலிருக்கட்டும். இன்னொன்று: சென்சாரின் மேலுள்ள வடிகட்டியில், 1976இல் கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயருக்குக் காப்புரிமை கிடைத்த அமைப்பின்படி, பாதிப் புள்ளிகள் பச்சையையும், கால்வாசி சிவப்பையும், கால்வாசி நீலத்தையும் மட்டும் பார்க்கின்றன. தேயிலையின் பச்சை நன்றாகப் பதிவாகியிருக்கும்; நீலத்தை மிகையாக இழுத்தால் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் எழும்.

இனி வருவது என் கருத்து. ஒரு படத்தை வேறு படமாக்க வேண்டுமானால், ஸ்லைடரைத் தொடுவதற்கு முன் இது எதைப் பற்றிய படம் என்று ஒரு பெயர்ச்சொல்லால் சொல்ல முடிய வேண்டும். உங்கள் சட்டகத்துக்குள் குறைந்தது நான்கு பெயர்ச்சொற்கள் இருக்கின்றன: பெண், மரங்கள், மலைகள், தேயிலை. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்ற மூன்றும் அதற்கு இடம்விட்டு ஒதுங்க வேண்டும். இருட்டறையில் இதைக் கையாலேயே செய்தோம். நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரின் ஒளி காகிதத்தில் விழும்போது, கம்பியில் ஒட்டிய அட்டைத் துண்டை ஆட்டிக்கொண்டே ஓரிடத்தை மறைத்தால் அந்த இடம் வெளுக்கும். மற்ற இடங்களை மறைத்துவிட்டு ஓரிடத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒளி காட்டினால் அது கறுக்கும். அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவு உதயப் படத்தை அடுத்த சில பத்தாண்டுகளில் மீண்டும் மீண்டும் பிரிண்ட் போட்டார். தொடக்கக்காலப் பிரதிகளில் வெளிறிய மேகங்களோடு இருந்த வானம், பிற்காலப் பிரதிகளில் ஏறக்குறைய முழுக் கறுப்பாகிவிட்டது. நெகட்டிவ் ஒன்றேதான், மாறியது அவர் அதிலிருந்து எதை முன்னிறுத்த விரும்பினார் என்பது.

பெண்ணை எடுத்துக்கொண்டால் முதல் வேலை கிராப். உங்கள் படம் 6,000க்கு 4,000 புள்ளிகள். அவர் சட்டகத்தில் சிறியவராக இருப்பதால், அவரும் பாதையும் மட்டும் தெரியும்படி நறுக்கினால் 1,500க்கு 1,000 அளவுதான் தேறும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அது ஐந்து அங்குல அகலப் பிரிண்ட்டுக்குத்தான் போதும். திரையில் பார்க்க நன்றாக இருக்கும், சுவரில் மாட்ட முடியாது. பெரிய பிரிண்ட் வேண்டுமானால் நறுக்காமல் ஒளியைக் கொண்டு அவரிடம் அழைத்துச் செல்லுங்கள்: பாதையை அரை ஸ்டாப் வெளிச்சமாக்கி, இருபுறத் தேயிலையை முக்கால் ஸ்டாப் இருட்டாக்கி, பனியின் பளபளப்பைச் சற்று அடக்குங்கள். வெயில் வலப்பக்கத்திலிருந்து வருவதால், நீங்கள் கூட்டும் வெளிச்சமும் அவருடைய வலத்தோளிலும் பையின் வலப்பக்கத்திலும்தான் விழ வேண்டும். இடப்பக்கம் ஒளிர்ந்தால் காரணம் தெரியாமலேயே பார்ப்பவருக்கு உறுத்தும். இந்த ஒரு பிரதிக்கு நிறம் தேவை என்பது என் எண்ணம். அவருடைய தலைத்துணியின் சிவப்புதான் பச்சைக் கடலில் அவரைத் தனித்துக் காட்டுகிறது. கறுப்பு வெள்ளையில் அந்தச் சிவப்பும் இந்தப் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடக்கூடும். இங்கே ஒரு வேண்டுகோளும் உண்டு. மாஸ்க் போட்டு, அதாவது முகத்தை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து, வெளிச்சம் கூட்டும்போது தோல் நிறம் வெளுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஸ்டூடியோக்களில் டச்சப் என்ற பெயரில் எல்லா முகங்களையும் மாவு பூசியதுபோல் ஆக்கிய வழக்கம் போதும். நிழலில் கண்ணும் தாடையும் தெரியும் அளவுக்குத் திறந்தால் போதுமானது.

மரங்களின் படம் இதற்கு நேரெதிரானது. இங்கே நிறத்தையும் நிழல் விவரங்களையும் தூக்கி எறியலாம். பனி நடுச்சாம்பலாகும் வரை எக்ஸ்போஷரைக் கீழே இறக்கினால், சில்வர் ஓக்குகள் தாமாகவே கறுத்து வெறும் வரிவடிவங்களாகும். தேயிலையை அடியில் ஒரு கறுப்புப் பட்டையாக மட்டும் விட்டு, பெண் இருக்கும் இடத்துக்கு மேலேயே நறுக்கிவிடுங்கள். சதுரமாக வெட்டினால் மரங்களுக்கிடையிலுள்ள சமமற்ற இடைவெளிகள்தான் படத்தின் தாளமாகும்; அதைக் கெடுக்கும் மரம் ஓரத்தில் இருந்தால் சட்டகத்துக்கு வெளியே தள்ளுங்கள். நிழல்களைத் திறக்காததால் இரைச்சல் பிரச்சினையும் எழாது. நான்கில் கோப்புக்கு மிக இணக்கமான பிரதி இதுதான். தொடக்கநிலையில் இருப்பவர்களை நான் முதலில் செய்யச் சொல்வதும் இதைத்தான்.

மலைகளின் படத்தில்தான் சுவாரசியம் அதிகம், ஏனெனில் இங்கே ஒளியியல் நமக்கு இரண்டு எதிரெதிர் வழிகளைத் திறந்து தருகிறது. தொலைவிலுள்ள மலைகள் நீலமாக மங்குவதற்குக் காற்றின் மூலக்கூறுகளும் நுண்ணிய தூசும் காரணம். அவை நீல ஒளியைச் சிவப்பைவிட மிக அதிகமாகச் சிதறடிக்கின்றன. ஆகவே கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்புச் சேனலிலிருந்து, அதாவது படத்தில் பதிவான சிவப்பு ஒளியை மட்டும் வைத்து மாற்றினால் அந்த மங்கல் குறைந்து, கடைசி மலைத்தொடரின் மடிப்புகள்கூடத் துலங்கும். நீலச் சேனலிலிருந்து மாற்றினால் மங்கல் பெருகி, ஒவ்வொரு தொடரும் முந்தையதைவிட வெளிறி, ஆழம் கூடும். ஆனால் பள்ளத்தாக்கிலிருந்து எழும் மூடுபனி வேறு வகை. அதன் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால்தான் அது வெள்ளையாக இருக்கிறது. சிவப்புச் சேனலுக்குப் போனாலும் பனி விலகாது. சிவப்பு ஃபில்டர் போட்டால் மூடுபனியை ஊடுருவலாம் என்று பலர் நம்புவது இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான்.

நீலச் சேனலுக்கு ஒரு வரலாற்று நியாயமும் இருக்கிறது. ஆங்கிலேயப் புகைப்படக்காரர் சாமுவேல் போர்ன் 1860களில் உதகையில் படமெடுத்தபோது பயன்படுத்திய ஈரக் கொலோடியன் தட்டுகள் (ரசாயனம் பூசி ஈரம் காயுமுன் படமெடுக்கும் கண்ணாடித் தட்டுகள்) நீலத்தையும் புற ஊதாவையும் மட்டுமே உணர்ந்தன. பச்சைக்கு மந்தம், சிவப்புக்குக் குருடு. அக்காலப் படங்களில் வானம் வெறும் வெள்ளையாகவும், சோலைகள் கறுப்புத் திட்டுகளாகவும், தூரத்து மலைகள் கரைந்துபோயும் இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம். உங்கள் படத்தின் நீலச் சேனலை மட்டும் எடுத்து, ஓரங்களைச் சற்று மங்கவைத்து, லேசாகப் பழுப்பேற்றினால், அந்தத் தட்டுகள் பார்த்த நீலகிரிக்கு மிக அருகில் வந்துவிடலாம். முன்பே சொன்னபடி நீலத்தில் இரைச்சல் மிகும். இந்தப் பிரதிக்கு அது குறையாகாது. அதற்கு நேர்மாறாக, மூன்று நிறங்களையும் கலந்து சமனாக மாற்றினால் எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிமின் பார்வை கிடைக்கும். எங்கள் இருட்டறைக்கு அந்தப் பார்வையைத் தந்தது உதகையிலேயே இயங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலைதான். 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ (Indu) என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமை நாடெங்கும் அனுப்பியது. அந்தச் சாயல் வேண்டுமானால் கிரெய்ன், அதாவது ஃபிலிமின் துகள்தன்மை சேர்க்கும்போது படம் முழுவதும் சமமாகத் தூவாதீர்கள். பிரிண்ட்டில் துகள் நடுச்சாம்பலில்தான் கண்ணுக்குத் தெரியும். பளிச்சென்ற வெள்ளையிலும் முழுக் கறுப்பிலும் தெரியாது.

மென்பொருளிலுள்ள மங்கல் நீக்கும் (டிஹேஸ்) கருவியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் நான்கு பிரதிகளில் இரண்டில் அது தெரிகிறது. இவ்வகைக் கருவிகளுக்குப் பரவலாக அறியப்பட்ட ஒரு வழிமுறை 2009இல் வெளியானது. மங்கலில்லாத வெளிப்புறக் காட்சியில் எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும் ஏதாவதொரு நிறமாவது மிகக் குறைவாக இருக்கும் என்பது அதன் அனுமானம். அப்படி இல்லாத இடத்தை மங்கல் என்று கருதி அந்த அளவைக் கழித்துவிடும். வெள்ளையடித்த வீட்டுச் சுவர் இந்த அனுமானத்துக்கு அடங்காது. மூடுபனியோ கருவியின் பார்வையில் முழுக்க முழுக்க அகற்ற வேண்டிய அழுக்கு. உங்கள் பிரதியில் பனி அழுக்கு நீலமாகித் திட்டுத்திட்டாக நிற்பது அதனால்தான். அதே ஸ்லைடரை எதிர்த்திசையில், கழித்தல் பக்கம் சிறிது நகர்த்திப் பாருங்கள். மலைகளின் படத்துக்கும் மரங்களின் படத்துக்கும் அது பெரும்பாலும் நன்மையே செய்யும்.

தேயிலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வானத்தையும் மலைகளையும் முழுவதுமாக வெட்டிவிட்டு, புதர் வரிசைகளின் வளைவுகளை மட்டும் நீள்பட்டையாக எடுங்கள். இலைகள் பச்சை என்று நாம் நினைத்தாலும் அவற்றின் சாயல் மஞ்சள் பக்கம் சாய்ந்தது. ஆகவே ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளுக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கறுப்பு வெள்ளை மிக்சரில் பச்சை ஸ்லைடரைவிட மஞ்சள் ஸ்லைடர்தான் கூடுதலாக வேலை செய்யும். அதை ஏற்றினால், வெயில் ஊடுருவும் இளங்கொழுந்து ஒளிரும், முற்றிய இலை கருமையாகவே நிற்கும். இதே காட்சியை அகச்சிவப்புப் படம்போல் வெள்ளை இலைகளோடு காட்டும் ஆயத்த வடிகட்டிகளும் கிடைக்கின்றன. அவை போலி என்பதில் ஐயமில்லை. இலை அகச்சிவப்பைப் பலமாகத் திருப்பி அனுப்புவதால் வரும் தோற்றம் அது. உங்கள் சென்சாரின் முன்னுள்ள கண்ணாடி அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது, கோப்பில் அது இல்லை.

நிறத்தின் வெப்பநிலையைப் பொறுத்தவரை, ஒயிட் பேலன்ஸில் (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பில்) சரியான எண் என்று ஒன்று உண்டு என்று நினைத்து நீங்கள் தேடியிருப்பதாகத் தெரிகிறது. பொருள் விற்பனைப் படத்துக்கு அது உண்டு. மலைக்காலைக்கு அதைப் பிடிவாதமாகத் தேட வேண்டியதில்லை. 5,500 கெல்வினில் வைத்தால் நிழற்பகுதிகள் நீலமாகி ஆறு மணிபோல் குளிரும். 7,000க்கு உயர்த்தினால் அதே பனி வெயிலேறிய எட்டு மணிபோல் தோன்றும். இரண்டையும் தனித்தனிப் பிரதிகளாக வைத்துக்கொள்ளலாம். ஒரே பிரதியில் நிழலுக்கு நீலமும் வெளிச்சத்துக்கு மஞ்சளும் ஏற்றுவது இன்று ஊரெங்கும் காணப்படும் வழக்கம்; தவறில்லை, எனக்குத்தான் சலித்துவிட்டது.

காட்சியை விட்டுச் சற்று விலகிப்போக விரும்பினால் இரண்டு வழிகளைச் சொல்வேன். சில்வர் ஓக்குகள் நெட்டுக்குத்தாக நிற்பதால், ஒரு பிரதியைச் செங்குத்துத் திசையில் மட்டும் நீளமாக மங்கவைத்து, கூர்மையான மூலப்படத்தின் மேல் பாதி வலிமையில் பதித்தால், கேமராவை மேலும் கீழும் அசைத்து எடுத்ததுபோன்ற ஓவியத்தன்மை வரும். மற்றொன்று கணினியை விட்டே வெளியேறுவது. 1842இல் ஜான் ஹெர்ஷெல் கண்டறிந்த சயனோடைப் முறைக்கு, படத்தை நெகட்டிவாக மாற்றி ஓஎச்பி தாளில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில்) அச்சிட்டு, ஃபெரிக் அமோனியம் சிட்ரேட்டும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் கலந்து பூசி உலர்த்திய காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் போதும், இருட்டறை தேவையில்லை. கையுறை அணியுங்கள், ரசாயனத்தைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். உயரமான இடத்தில் புற ஊதா கூடுதல் என்பதால் தெளிந்த நாளில் வேலை விரைவாக முடியும். எத்தனை நிமிடம் என்பதைச் சோதனைத் துண்டுகள் போட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்; காகிதத்துக்குக் காகிதம், மேகத்துக்கு மேகம் மாறும்.

எதுவரை போனால் பொய் என்ற கேள்விக்கு ஒளியியலில் விடை கிடையாது. பார்ப்பவருக்கு நீங்கள் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. செய்திப்படமாக அனுப்பினால் கிராப்பும், மிதமான ஒளி, நிறத் திருத்தமும் தவிர வேறெதையும் செய்யாதீர்கள். போட்டிகளில் பல, ஒன்றைச் சேர்ப்பதையும் நீக்குவதையும் தடைசெய்கின்றன. இறுதிச் சுற்றில் ரா கோப்பைக் கேட்பதும் வழக்கம், ஆகவே அதை அழித்துவிடாதீர்கள். சுவரில் மாட்டும் பிரதிக்கு என் எல்லை சற்றுத் தளர்வானது: நீலச் சேனலால் பனியைப் பெருக்குவது எனக்கு உறுத்தவில்லை, ஏனெனில் அது கோப்பில் இருந்ததுதான். வேறோரிடத்தில் எடுத்த காட்டெருமையைக் கொண்டுவந்து இந்தத் தேயிலைக்குள் நிறுத்துவது உறுத்தும், கோத்தகிரித் தோட்டங்களில் உண்மையிலேயே அது வந்து நிற்பது வழக்கம்தான் என்றாலும். மேல் இடதுமூலையில் குறுக்கே ஓடும் மின்கம்பியை அழிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் படமெடுப்பவர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். நான் அழிக்க மாட்டேன். சரிவில் வீடுகள் இருக்கும்போது கம்பி மட்டும் இல்லாமல் போனால் அது வேறு ஊர். மரங்களின் சதுரப் பிரதியில் அந்த மூலை எப்படியும் வெட்டுப்பட்டுவிடும், கேள்வியே எழாது. இடவலமாகப் புரட்டிய பிரதியை நண்பர் பரிந்துரைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெண் வலப்பக்கம் நோக்கி நடந்தால் படம் முன்னேறுவதுபோல் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வளைவில் தினமும் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்தவுடனே மலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள்.